பாகத்தை மாற்றுவதற்கு முன் சோதனையைக் கேளுங்கள்: பழைய மினிவேனோடு பட்ட பாடு

பதினைந்து ஆண்டுகளைக் கடந்து, 2 லட்சம் கிலோமீட்டருக்கும் மேல் ஓடிவிட்ட ஒரு மினிவேனுக்காகக் கடந்த சில ஆண்டுகளில் நான் செலவழித்ததைக் கூட்டிப் பார்த்தால், அதை வாங்கிய விலையையே அந்தத் தொகை தாண்டிவிடுகிறது. அதில் ஏறத்தாழப் பாதி நியாயமான செலவு. வயதான வண்டிக்கு அது ஆகத்தான் செய்யும், அதில் எனக்கு வருத்தமில்லை. மீதிப் பாதியோ, என்ன கோளாறு என்று உறுதி செய்யாமலேயே மாற்றப்பட்ட பாகங்களுக்கும், ஒரே இடத்தை இரண்டு முறை பிரித்துப் பூட்டிய கூலிக்கும் போனது. அந்தப் பாதியை நினைத்தால் இன்றும் வயிறு எரிகிறது. அப்போது இதையெல்லாம் விளக்கிச் சொல்ல எனக்கு ஒருவரும் இருக்கவில்லை. இதே நிலையில் இருக்கும் வேறு யாருக்காவது பயன்படட்டும் என்றுதான் நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

வேனை விற்றுவிட்டு வேறு வண்டி வாங்கியிருக்கலாமே என்று பலரும் கேட்டார்கள். என் அம்மாவுக்கு முழங்கால்கள் இரண்டும் மடங்காது. சக்கர நாற்காலியில்தான் வெளியே அழைத்துச் செல்ல வேண்டும். உயரமான வண்டியில் அவரால் ஏற முடியாது, தாழ்வான காரிலிருந்து எழுந்திருக்க முடியாது. மினிவேனின் தரைமட்டம் தாழ்ந்திருப்பதாலும், பக்கக் கதவு பின்னோக்கி நகர்ந்து அகலமாகத் திறப்பதாலும், நாற்காலியைக் கதவருகே நிறுத்தி அவரை அப்படியே இருக்கைக்கு மாற்றிவிடலாம். புதிய மினிவேன் வாங்கும் வசதி எனக்கு இல்லை. ஆகவே இருப்பதைச் சரிசெய்து ஓட்டுவது ஒன்றே வழியாக இருந்தது.

முதலில் இந்த வகை வண்டியின் அமைப்பைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் செலவின் காரணம் பெரும்பாலும் அதில்தான் இருக்கிறது. பெரும்பாலான மினிவேன்களில் இன்ஜின் குறுக்குவாட்டில் அமர்ந்திருக்கும். முன்சக்கரங்கள்தான் வண்டியை இழுக்கும். என் வேனைப் போல ஆறு சிலிண்டர் வி6 இன்ஜின் என்றால், மூன்று சிலிண்டர்கள் ரேடியேட்டர் பக்கமும் மற்ற மூன்றும் ஓட்டுநரின் காலுக்கு முன்னால் இருக்கும் தடுப்புச் சுவரின் பக்கமும் இருக்கும். முன்வரிசை மூன்றையும் பானட்டைத் திறந்ததும் கையால் தொடலாம். பின்வரிசை மூன்றையும் அடைய, பல இன்ஜின்களில் மேலே உட்கார்ந்திருக்கும் காற்றுக்குழாய்த் தொகுதி முழுவதையும் கழற்ற வேண்டும். ஆகவே சின்னப் பாகத்துக்கும் பெரிய கூலி ஆகிறது. இதோடு வண்டியின் எடையையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: வெறும் வண்டியே ஏறத்தாழ 2 டன் இருக்கும், ஆட்களும் சுமையும் ஏறினால் கியர்பாக்ஸ், பிரேக், சஸ்பென்ஷன் எல்லாமே ஒரு சிறிய காரில் உழைப்பதைவிட அதிகமாக உழைக்கின்றன.

என் பாடு ஓர் அதிர்விலிருந்து தொடங்கியது. மணிக்கு 60 முதல் 80 கிலோமீட்டர் வேகத்தில், லேசாக மட்டும் ஆக்ஸிலரேட்டரை மிதித்துக்கொண்டு ஒரு சிறிய ஏற்றத்தில் போகும்போது, சொரசொரப்பான கற்பாதை மேல் ஓட்டுவது போல இரண்டு மூன்று வினாடிகள் வண்டி முழுவதும் நடுங்கும். அழுத்தி மிதித்தால் நின்றுவிடும். காலை எடுத்தாலும் நின்றுவிடும். எச்சரிக்கை விளக்கு எதுவும் எரியவில்லை. முதலில் கொண்டுபோன பணிமனையில் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டு, "கியர்பாக்ஸ் போயிடுச்சு சார்" என்றார்கள். இரண்டே இரண்டு நிமிட ஓட்டத்துக்குப் பிறகு வந்த தீர்ப்பு அது. கியர்பாக்ஸை இறக்கி முழுவதுமாகப் பிரித்துப் புதுப்பிக்க அவர்கள் எழுதிக் கொடுத்த தொகை, வேனின் அன்றைய மதிப்பில் பாதிக்கு மேல் இருந்தது. அந்தத் தாளைக் கையில் வாங்கிக்கொண்டு வெளியே வந்தபோது எனக்குக் கண்ணை இருட்டிக்கொண்டு வந்தது. அம்மாவை அடுத்த வாரம் மருத்துவமனைக்கு எப்படி அழைத்துச் செல்வது என்ற ஒரே எண்ணம்தான் தலைக்குள் ஓடியது.

அவ்வளவு பணம் இல்லை என்றதும், "அப்போ ஆயிலையும் சோலினாய்டையும் மாத்திப் பார்ப்போம்" என்றார்கள். சோலினாய்டு என்பது கியர்பாக்ஸுக்குள் ஆயில் ஓட்டத்தைத் திறந்து மூடும் மின்வால்வு. மாற்றினார்கள். பணம் போனது, அதிர்வு போகவில்லை. அடுத்து டார்க் கன்வெர்ட்டர் என்றார்கள். ஆட்டோமேட்டிக் வண்டியில் இன்ஜினுக்கும் கியர்பாக்ஸுக்கும் இடையில் இருக்கும் இந்த உறுப்பு, சீரான வேகத்தில் ஓடும்போது உள்ளே ஒரு கிளட்ச்சால் பூட்டிக்கொள்ளும். அந்தக் கிளட்ச் தேய்ந்தாலும், ஆயில் கெட்டாலும், பூட்டிக்கொள்ளும் நேரத்தில் நடுக்கம் வரும் என்பது உண்மைதான். ஆனால் அதே வேகத்தில், அதே சுமையில், அதே போன்ற நடுக்கம் வேறொரு காரணத்தாலும் வரும். அது இன்ஜினின் ஏதோ ஒரு சிலிண்டர் அவ்வப்போது எரியாமல் விடுவது, அதாவது மிஸ்ஃபயர். இரண்டையும் உட்கார்ந்திருப்பவரின் உடல் பிரித்தறியாது. சோதனைதான் பிரித்துச் சொல்லும். அந்தப் பணிமனையில் அந்தச் சோதனையை யாரும் செய்யவில்லை.

இரண்டாவது இடத்துக்கு வேனை எடுத்துக்கொண்டு போனது, எங்கள் தெருவில் இருக்கும் ஒரு ஓட்டுநர் சொன்னதால்தான். அங்கே இருந்த மூத்த மெக்கானிக் வேனைத் தொடுவதற்கு முன், "பார்க்கிறதுக்குத் தனியா ஒரு காசு ஆகும் தம்பி, சம்மதமா?" என்று கேட்டார். முதலில் எனக்கு அது விசித்திரமாகத் தோன்றியது. இதுவரை யாரும் பார்ப்பதற்குக் காசு கேட்டதில்லை. இப்போது யோசித்தால், அந்த வேனுக்காக நான் கொடுத்த தொகைகளிலேயே மிகவும் பயனுள்ளது அதுதான். அவர் வண்டியின் கணினியைப் படிக்கும் ஸ்கேனரைச் செருகி என்னையே ஓட்டச் சொல்லிவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார். வண்டியே இல்லாத நேரான சாலையில் அதிர்வு தொடங்கியதும், ஆக்ஸிலரேட்டரை அப்படியே வைத்துக்கொண்டு இடது காலால் பிரேக்கை மிக லேசாகத் தொடச் சொன்னார். பிரேக் விளக்கு எரிந்தால் போதும், வண்டி நிற்க வேண்டாம். பிரேக் விளக்கின் சுவிட்ச் செயல்பட்டதும் கன்வெர்ட்டரின் கிளட்ச் பூட்டு விடுபடும், இன்ஜின் சுழலும் வேகத்தைக் காட்டும் ஆர்பிஎம் முள் சற்று மேலே துள்ளும். கிளட்ச்சினால் வரும் நடுக்கமாக இருந்தால் அந்தக் கணமே அது நின்றுவிட வேண்டும். எங்கள் வேனில் முள் துள்ளியது. நடுக்கம் கொஞ்சம் மென்மையானதே தவிர நிற்கவில்லை. இது மட்டுமே முடிவான சான்று ஆகாது என்று சொல்லி, அவர் ஸ்கேனரில் ஒவ்வொரு சிலிண்டரின் மிஸ்ஃபயர் எண்ணிக்கையையும் திறந்து காட்டினார். பின்வரிசையில் ஒரே ஒரு சிலிண்டரின் எண் மட்டும் ஏறிக்கொண்டே இருந்தது. எச்சரிக்கை விளக்கு எரியும் அளவை எட்டாததால் இதுவரை அது வெளியே தெரியவில்லை.

காற்றுக்குழாய்த் தொகுதியைக் கழற்றிப் பின்வரிசை ஸ்பார்க் பிளக்குகளை வெளியே எடுத்தபோது நான் அருகில்தான் நின்றேன். முன்வரிசையில் இருந்தவை புதியவை. முந்தைய உரிமையாளர் கொடுத்த பில்லிலும் பிளக்குகள் மாற்றப்பட்டதாகத்தான் இருந்தது. பின்வரிசையில் இருந்த மூன்றும் வேறு நிறுவனத்தின் பழைய பிளக்குகள். நுனியில் இருக்க வேண்டிய மெல்லிய ஊசி முனை தேய்ந்து மழுங்கிப் போயிருந்தது. ஒன்றின் குழிக்குள் ஆயில் தேங்கி, பிளக்குக்கு மின்சாரம் கொடுக்கும் காயிலின் ரப்பர் உறை ஊறி உப்பியிருந்தது. அந்த ரப்பரின் உட்புறத்தில் பென்சிலால் கோடு இழுத்தது போல ஒரு கரிய தடம், மின்சாரம் பிளக்கின் நுனிக்குப் போகாமல் பக்கவாட்டில் கசிந்து போன வழி. எளிதில் எட்டும் மூன்றை மட்டும் மாற்றிவிட்டு ஆறுக்கும் பில் போடும் வழக்கம் இந்த வகை இன்ஜின்களில் உண்டு என்று அவர் சொன்னார். மேலேயிருந்து ஆயில் கசிந்த வால்வு கவர் கேஸ்கெட் (இன்ஜின் மேல்மூடியில் கசிவைத் தடுக்கும் அடைப்பு), பிளக்குகள், காயில்கள், காற்றுக்குழாயின் கேஸ்கெட் எல்லாவற்றையும் அதே பிரிப்பில் மாற்றினார். சோதனைக் கட்டணம், கூலி, பாகங்கள் எல்லாம் சேர்த்தும் கியர்பாக்ஸுக்குக் கேட்ட தொகையில் ஏழில் ஒரு பங்குதான் ஆனது. நடுக்கம் நின்றது.

இதிலிருந்து நான் எடுத்துக்கொண்ட நடைமுறை விஷயங்களைச் சொல்கிறேன். எந்தப் பணிமனையிலும் முதலில் கேட்க வேண்டியது, "இந்தப் பாகம்தான் என்று எந்தச் சோதனையால் முடிவு செய்தீர்கள்?" என்பதுதான். பதில் சொல்லத் தெரிந்தவர் சொல்லிவிடுவார், காட்டவும் செய்வார். ஸ்கேனரில் ஒரு எரர் கோடு வந்துவிட்டால் அது பாகத்தின் பெயர் என்று நினைத்துவிடாதீர்கள். கணினி எதைக் கவனித்தது என்பதை மட்டுமே அது சொல்கிறது. உதாரணத்துக்கு, பி0420 என்ற கோடு வந்தால் புகையைச் சுத்தம் செய்யும் வினையூக்கி மாற்றியின் திறன் குறைவாகத் தெரிகிறது என்று பொருள். மாற்றியே கெட்டிருக்கலாம், புகைக்குழாயில் ஓட்டை இருக்கலாம், ஆக்ஸிஜன் சென்சார் தவறாகக் காட்டலாம். எரியாத பெட்ரோலை வெகுநாள் அனுப்பி மாற்றியைப் பாழாக்கியது மிஸ்ஃபயராகவும் இருக்கலாம். அதைச் சரிசெய்யாமல் புதிய மாற்றி போட்டால் புதியதும் கெடும். விலை அதிகமான பாகங்களில் அதுவும் ஒன்று. இந்தக் கோடுகளைப் படிக்கும் எளிய ஓபிடி ஸ்கேனர் ஒன்றைச் சொந்தமாக வாங்கிக்கொள்வது நல்லது. அமெரிக்காவில் 1996 மாடலிலிருந்து கார்களிலும் சிறிய வேன்களிலும், ஐரோப்பாவில் 2001 முதல் பெட்ரோல் கார்களிலும் அதற்கான பொதுவான இணைப்பு கட்டாயமாக்கப்பட்டது. ஆகவே இந்த வயதில் உள்ள பெரும்பாலான வேன்களில் அது வேலை செய்யும். கோடுகளை அழிப்பதற்கு முன் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அழித்துவிட்டால் கோளாறு தோன்றிய நிலைமை பற்றிய பதிவும் அதோடு போய்விடும்.

கியர்பாக்ஸ் ஆயிலைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஆட்டோமேட்டிக் கியர் ஆயில் ஆயுள் முழுவதும் மாற்ற வேண்டாதது என்று சொல்வதை நான் நம்புவதில்லை. பாரம் இழுக்கும் மினிவேனுக்கு அது சிறிதும் பொருந்தாது. ஆனால் பல ஆண்டுகள் மாற்றாமல் விட்ட பெட்டியில் இயந்திரம் வைத்து அழுத்தத்தோடு முழுவதையும் தள்ளி வெளியேற்றுவதைவிட, அடைப்பைத் திறந்து வழியவிட்டு, வழிந்த அளவுக்கு நிரப்பி, சில ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டிவிட்டு மீண்டும் அதையே செய்வது பாதுகாப்பானது என்பதே என் மெக்கானிக்கின் கருத்து. நானும் அப்படியே செய்கிறேன். ஒரு முறை வழியவிட்டால் மொத்த ஆயிலில் மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதி வரைதான் வரும், மீதி கன்வெர்ட்டருக்குள்ளேயே தங்கிவிடும். கையேட்டில் எந்த ரக ஆயில் என்று எழுதியிருக்கிறதோ அதை மட்டுமே ஊற்ற வேண்டும். கியர் படிகள் இல்லாமல் ஓடும் சிவிடி பெட்டிக்கு உரிய ஆயில் முற்றிலும் வேறு.

அடுத்த பெரிய அடி குளிர்விப்பு அமைப்பிலிருந்து வந்தது. இதில்தான் எனக்கு ஆத்திரமும் மிக அதிகமாக வந்தது. நெடுஞ்சாலையில் அம்மாவோடு போய்க்கொண்டிருந்தபோது ஏதோ இனிப்பான வாடை அடித்தது. சற்று நேரத்தில் வெப்பமானியின் முள் நடுவிலிருந்து நகரத் தொடங்கியது. ஏசியை அணைத்து, ஹீட்டரை முழு அளவில் வைத்து, கண்ணாடிகளை இறக்கிவிட்டு ஓரம் கட்டி இன்ஜினை நிறுத்தினேன். ஹீட்டர் இன்ஜினின் சூட்டில் ஒரு பகுதியை உள்ளே இழுத்துவிடும். ஓரம் கட்டும் அந்தச் சில நொடிகளுக்கு அது உதவும். ஆனால் அந்த உதவியை நம்பி அடுத்த ஊர் வரை ஓட்டிவிடலாம் என்று நினைக்கவே கூடாது. அலுமினிய சிலிண்டர் ஹெட் சூட்டில் வளைந்துவிட்டால் அதன் அடியில் கசிவைத் தடுக்கும் ஹெட் கேஸ்கெட் போகும், அதன் பிறகு ஆகும் செலவு பழைய வேனின் மதிப்பையே விழுங்கிவிடும். இழுவை வண்டிக்குக் கொடுக்கும் பணம் அதன் முன் ஒன்றுமே இல்லை. சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியையும் திறக்காதீர்கள். உள்ளே வளிமண்டல அழுத்தத்துக்கு மேல் ஏறத்தாழ 1 பார் அழுத்தம் இருக்கும். அதனால்தான் 100 டிகிரியைத் தாண்டியும் நீர் கொதிக்காமல் இருக்கிறது. மூடியைத் திறந்த கணமே அழுத்தம் இறங்கி, அவ்வளவும் ஒரே நேரத்தில் கொதித்து முகத்தில் அடிக்கும்.

ரேடியேட்டரின் அலுமினிய நடுப்பகுதியும் மேல்பக்கத்து பிளாஸ்டிக் தொட்டியும் சேரும் இடத்தில் மயிரிழை போன்ற ஒரு விரிசல். அதைச் சுற்றி, காய்ந்துபோன கூலன்ட் (இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) வெளிறிய பொறுக்காகப் படிந்திருந்தது. பிளாஸ்டிக் பல்லாண்டு சூட்டில் முறுகிப் போவது வயதான எல்லா வண்டிகளிலும் நடப்பதுதான். புதிய ரேடியேட்டர் போட்டால் முடிந்தது என்று நினைத்தேன். மெக்கானிக் அழுத்தச் சோதனைக் கருவியை மாட்டிப் பார்த்தபோது இன்னோர் இடத்திலும் கசிந்தது: வாட்டர் பம்ப். அந்த இன்ஜினில், கூலன்ட்டைச் சுற்றவிடும் வாட்டர் பம்ப், வால்வுகளையும் பிஸ்டன்களையும் ஒத்திசைந்து ஓடவைக்கும் டைமிங் பெல்ட்டினால் சுழல்கிறது. பம்பை எடுக்க டைமிங் பெல்ட் மூடிகள் அத்தனையையும் கழற்ற வேண்டும். ஆனால் முதல் பணிமனையில்தான், கியர்பாக்ஸ் கதை தொடங்குவதற்குக் கொஞ்ச காலம் முன்பு, டைமிங் பெல்ட்டை மாற்றியிருந்தார்கள். பெல்ட்டை மட்டும் மாற்றியிருந்தார்கள். கண்ணுக்கு நேரே இருந்த பம்ப்பையும், பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரையும், ஐட்லர் உருளைகளையும் அப்படியே விட்டுவிட்டு மூடியிருந்தார்கள். அவற்றையும் அப்போதே மாற்றியிருந்தால் பாகங்களின் விலை மட்டும்தான் கூடியிருக்கும், கூலி கூடியிருக்காது. இப்போது அதே கூலியை முழுமையாக மீண்டும் கொடுத்தேன். அதைக் கொடுத்த அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

ஆகவே டைமிங் பெல்ட் உள்ள வேன் என்றால், பெல்ட், டென்ஷனர், ஐட்லர்கள், வாட்டர் பம்ப், முன்பக்க ஆயில் சீல்கள், தெர்மோஸ்டாட் எல்லாவற்றையும் ஒரே வேலையாகக் கேளுங்கள். பல இன்ஜின்களில் பெல்ட்டின் ஆயுள் 1 லட்சம் முதல் 1.6 லட்சம் கிலோமீட்டர், அல்லது ஏழு முதல் பத்து ஆண்டுகள், இதில் எது முன்னால் வருகிறதோ அது. உங்கள் இன்ஜினுக்கான சரியான கணக்கு கையேட்டில் இருக்கும். பழைய வேன் வாங்கும்போது பெல்ட் மாற்றியதற்கான பில் இல்லையென்றால் மாற்றவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். வால்வும் பிஸ்டனும் ஒன்றன் பாதையில் ஒன்று வரும்படி அமைந்த இன்ஜினாக இருந்தால், ஓடும்போது பெல்ட் அறுவது இன்ஜினையே முடித்துவிடும். டைமிங் செயின் உள்ள இன்ஜின்களுக்கு இந்தக் கெடு இல்லை. ஆனால் இன்ஜின் ஆயிலை நேரத்துக்கு மாற்றாதவர்களிடம் செயினும் நீண்டு, காலையில் முதல் ஸ்டார்ட்டில் சலசலக்கத் தொடங்கும்.

சூடேறிய வண்டியில் புதிய ரேடியேட்டருக்குப் பணம் கட்டுவதற்கு முன், ஹெட் கேஸ்கெட் தப்பியிருக்கிறதா என்று பார்க்கும் சோதனையையும் கேளுங்கள். ரேடியேட்டர் வாயில் ஒரு குழாயை வைத்து, அதிலுள்ள நீல நிறத் திரவத்தின் வழியே உள்ளேயிருக்கும் காற்றை இழுப்பார்கள்; சிலிண்டரில் எரிந்த புகை கலந்திருந்தால் நீலம் மஞ்சளாகும். சில நிமிட வேலைதான். எங்கள் வேனில் நீலம் நீலமாகவே இருந்தபோது எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அதே போல, ஆட்டோமேட்டிக் வண்டிகளில் கியர் ஆயிலைக் குளிர்விக்கும் சிறு குழாய் பெரும்பாலும் ரேடியேட்டரின் தொட்டிக்குள்ளேயே இருக்கும். அது உள்ளுக்குள் உடைந்தால் கூலன்ட்டும் கியர் ஆயிலும் கலந்து, இளஞ்சிவப்பு நிறப் பாலேடு போல ஆகிவிடும். அப்படிக் கலந்ததை உடனே கவனிக்காவிட்டால் கியர்பாக்ஸின் கிளட்ச் தகடுகள் வீணாகும். அதனால் பதினைந்து வயதான ரேடியேட்டரை ஒட்டுப் போட்டு ஓட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை. புதியது போடுவது கியர்பாக்ஸுக்கும் பாதுகாப்பு. கூலன்ட்டை நிறம் பார்த்து ஊற்றாதீர்கள். நிறங்களுக்குப் பொதுவான விதி கிடையாது. ஒரே நிறத்தில் வெவ்வேறு வேதிக் கலவைகள் வருகின்றன.

மினிவேனுக்கே உரிய இன்னொரு கசிவு இடம் உண்டு. பின்இருக்கைகளுக்குத் தனி ஏசியும் ஹீட்டரும் உள்ள வேன்களில், அவற்றின் குழாய்கள் வண்டியின் அடியில் முழு நீளத்துக்கும் ஓடுகின்றன. சேறும் உப்பும் பட்டு அவை அரிக்கும். ஏசி அடிக்கடி குளிர்ச்சி குறைந்தால், கேஸ் நிரப்பிக்கொண்டே இருப்பதற்கு முன் அந்தக் குழாய்களைத் தூக்கி வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். முழுக் குழாயின் விலையைத் தாங்க முடியாதவர்கள், பின்பக்கச் சுற்றை முன்னாலேயே அடைத்துவிட்டு முன்பக்க ஏசியை மட்டும் வைத்துக்கொள்ளலாம். அது குறுக்குவழி அல்ல, நியாயமான முடிவு. ஏசி விசிறி மிக உயர்ந்த வேகத்தில் மட்டும் சுழல்கிறது, மற்ற வேகங்களில் இல்லை என்றால் பெரும்பாலும் போயிருப்பது ரெசிஸ்டர் என்னும் மலிவான சிறு பாகம். விசிறி மோட்டாரை மாற்றச் சம்மதிக்காதீர்கள்.

பக்கக் கதவுக்கு வருகிறேன். மின்விசையில் நகரும் கதவு அம்மா உள்ளே இருக்கும்போது பாதியில் நின்று, திறக்கவும் இல்லை, மூடவும் இல்லை. மழை வேறு. அவர் பதறிப்போய் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். நான் வெளியிலிருந்து கதவைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தேன். பல மின்விசைக் கதவுகளுக்கு ஓட்டுநர் பக்கத்தில் ஒரு முதன்மைச் சுவிட்ச் இருக்கும். அதை அணைத்துவிட்டால் மோட்டார் பிடி விடுபட்டுக் கையால் தள்ள முடியும் என்பதை அன்று யாரோ வழிப்போக்கர் ஒருவர்தான் சொன்னார். உங்கள் வேனில் அந்தச் சுவிட்ச் எங்கே இருக்கிறது என்று இன்றே பார்த்து வையுங்கள், குறிப்பாக வயதானவர்களையோ குழந்தைகளையோ ஏற்றிச் செல்பவர்கள். இன்னொன்றும் உண்டு: சில வேன்களில் பெட்ரோல் மூடி திறந்திருந்தால் அந்தப் பக்கக் கதவு முழுவதும் திறக்காதபடி ஒரு பூட்டு இருக்கும், மூடியின் அந்தப் பூட்டு சிக்கிக்கொண்டாலும் கதவு கெட்டுவிட்டது போலவே தெரியும்.

கதவுக்கு மோட்டார் தொகுதி முழுவதையும் மாற்ற வேண்டும் என்று சொல்வார்கள். அது மிகவும் விலை கூடியது. அதற்கு முன் சுவிட்ச்சை அணைத்துவிட்டுக் கதவைக் கையால் நகர்த்திப் பாருங்கள். கையாலேயே கடினமாக இருந்தால் கோளாறு உருளைகளிலோ, தண்டவாளத்தில் சேர்ந்த மண்ணிலோ இருக்கிறது. கையால் வழுக்கிக்கொண்டு போகிறது, மின்விசையில்தான் நிற்கிறது என்றால் இழுகம்பி பிரிந்திருக்கலாம், அல்லது கதவோடு சேர்ந்து தினமும் மடங்கி நிமிரும் மின்கம்பிக் கொத்தில் ஒரு கம்பி அறுந்திருக்கலாம். எங்கள் கதவில் நடுவுருளை தேய்ந்து ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. அதை மட்டும் மாற்றித் தண்டவாளத்தைச் சுத்தம் செய்ததும் கதவு பழையபடி ஓடியது. அதே கதவின் பூட்டுச் சுவிட்ச் கதவு மூடியதை உணராமல் விட்டதால், வண்டியின் கணினி உறங்காமல் இரவெல்லாம் பேட்டரியைத் தின்றுகொண்டிருந்ததும் அப்போதுதான் தெரிந்தது. அதற்குள் ஒரு புதிய பேட்டரிக்குப் பணம் போயிருந்தது. பேட்டரி அடிக்கடி இறங்கினால், வண்டியைப் பூட்டி அரைமணி நேரத்துக்கு மேல் விட்டுவிட்டு, எவ்வளவு மின்னோட்டம் போகிறது என்று அளக்கச் சொல்லுங்கள். 50 மில்லிஆம்பியருக்குள் இருந்தால் பொதுவாகச் சரி. இன்ஜின் ஓடும்போது பேட்டரி முனைகளில் ஏறத்தாழ 13.5 முதல் 14.7 வோல்ட் இருந்தால் ஆல்டர்னேட்டரைக் குறை சொல்ல வேண்டியதில்லை.

சஸ்பென்ஷனும் பிரேக்கும் வழக்கமான தேய்மானம், பெரிதாக ஏமாற்றமில்லை. மேடு பள்ளத்தில் 'டக் டக்' என்றால் பெரும்பாலும் லிங்க் ராட் என்னும் மலிவான பாகம். வளைவில் முழுவதும் திருப்பும்போது 'கட கட' என்றால் சக்கரத்துக்கு விசை கொண்டுபோகும் தண்டின் மூட்டான சி.வி. ஜாயின்ட். வேகத்தோடு கூடும் உறுமல் வளைவில் ஏறி இறங்கினால் வீல் பேரிங். டி கியரில் நிற்கும்போது அதிர்ந்து, நியூட்ரலில் குறைந்தால் இன்ஜின் மவுன்டிங். பிரேக் ஆயிலை இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை மாற்றுங்கள், அது காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். சக்கரத்தைச் சஸ்பென்ஷனோடு இணைக்கும் பால் ஜாயின்ட்டில் ஆட்டம் இருந்தால் மட்டும் ஒரு நாள்கூடத் தள்ளிப் போடாதீர்கள். அது கழன்றால் சக்கரமே மடங்கிவிடும்.

இப்போது எந்த வேலைக்கும் பாகத்தின் விலையையும் கூலியையும் தனித்தனியாக எழுதித் தரச் சொல்கிறேன். கழற்றிய பழைய பாகத்தைக் கேட்டு வாங்கிக்கொள்கிறேன். கூலி பெரிதாகவும் பாகம் சிறிதாகவும் இருந்தால், அதே பிரிப்பில் வேறு எதையெல்லாம் மாற்றலாம் என்று கேட்கிறேன். பாகம் பெரிதாகவும் கூலி சிறிதாகவும் இருந்தால் அவசரப்படுவதில்லை; இன்னொருவரிடம் காட்டுகிறேன். வரிசையும் வைத்திருக்கிறேன்: முதலில் பிரேக், ஸ்டீயரிங், டயர், அடுத்து இன்ஜினையோ கியர்பாக்ஸையோ கொல்லக்கூடிய கசிவுகள், ஏசி, கதவு மோட்டார் போன்ற வசதிகள் கடைசி. எங்கள் வீட்டில் மட்டும் பக்கக் கதவு வசதிகளின் பட்டியலில் இல்லை, முதல் வரிசையில் இருக்கிறது.

எத்தனை நல்ல இன்ஜின் இருந்தாலும் ஒரு வேனை நான் கைவிடும் இடம் துரு. இன்ஜினையும் சஸ்பென்ஷனையும் தாங்கும் சப்ஃபிரேம் பொருந்தும் இடத்திலோ, பக்கவாட்டு அடித்தளத்திலோ ஸ்க்ரூடிரைவர் முனை உள்ளே இறங்கும் அளவுக்கு அரித்திருந்தால், அந்த வேனில் இனி ஒரு காசு போடக் கூடாது. ஆண்டுக்கு ஒரு முறை, மழைக்காலம் முடிந்ததும், வேனைத் தூக்கி வைத்து அந்த இடங்களைத் தட்டிப் பார்க்கச் சொல்கிறேன். இந்த ஆண்டு பார்த்தபோது இரும்பு கெட்டியாகவே இருந்தது; பின்பக்கத்துப் பிரேக் குழாய் ஒன்றின் மேல் மட்டும் துரு ஏறியிருந்தது. அதை மாற்றச் சொல்லிவிட்டேன். கியர் ஆயிலை இன்னொரு முறை இறக்கி நிரப்புவது பாக்கியிருக்கிறது, அதுவும் அதே நாளில் ஆகிவிடும்.